மேலே எழும்பிச்சா?

துணி காயவைக்கும் டிரையரின் திருகு குமிழ் உருண்டு வந்து கேத்தானின் காலுறையைத் தொட்டு நின்றது.

அவன் குமிழைப் பார்த்தான். பிறகு டிரையரைப் பார்த்தான். குமிழ் இருந்த இடத்தில் ஒரு இரும்புக் குச்சி மட்டும் துருத்திக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே, ஹாக்கி ஆடும் கறுப்பு ரப்பர் வட்டு ஒன்று எதுவும் தெரியாததுபோல் தரையில் கிடந்தது.

கேத்தான் தேவாலயத்துப் பூசைப் பாத்திரங்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். எங்கள் ஊரில் திட்டுவதென்றால் அப்படித்தான். கிண்ணம், அப்பத்தட்டு, நற்கருணைப் பேழை என்று அடுக்கிக்கொண்டே போகலாம். மனது ஆறிவிடும்.

"கீழே பூசை ஆரம்பிச்சாச்சா?" சமையலறையிலிருந்து மனைவி கோலெத்தின் குரல் இறங்கி வந்தது. "என்ன சத்தம் அது?"

"ஒண்ணும் இல்ல!"

"மேலே எழும்பிச்சா?"

அப்போதுதான் கேத்தானுக்கு உறைத்தது. குமிழ் இருந்தது டிரையரின் இடது மேல் மூலையில். வட்டு போய் அதைப் பெயர்த்திருக்கிறது என்றால்...

"எழும்பிச்சு, கோலெத்! எழும்பிச்சு!"

மேலே கைதட்டும் சத்தம் கேட்டது.

கேத்தான் பூலியோ, சீஸ் ஆலையில் வேலை பார்ப்பவன். ஐம்பதைத் தாண்டியவன். ஞாயிற்றுக்கிழமைகளில் வயதானவர்கள் கூடி ஆடும் கராஜ் லீக்கில் எங்கள் ஊரான சேன்த்-ஓடிலின் அணிக்காக ஐஸ் ஹாக்கி ஆடுகிறான். ஆடுகிறான் என்று சொல்வது கொஞ்சம் தாராளம். சறுக்குவான், மூச்சு வாங்குவான், எல்லோரையும் பாராட்டுவான். ஆனால் அவன் அடித்த வட்டு பனித்தரையை விட்டு எழும்பியதாகச் சரித்திரமே கிடையாது. அது தரையோடு தரையாக, விருந்துக்குத் தாமதமாக வந்தவன் நுழைகிற மாதிரி தயங்கித் தயங்கிப் போகும். எதிரணி கோல்கீப்பர் பக்கத்தில் நிற்பவனிடம் மாமியார் கதை சொல்லிக்கொண்டே மட்டையை நீட்டித் தடுத்துவிடுவான். கதைகூட நிற்காது.

அவன் அதைப் பற்றிக் கவலைப்பட்டதே இல்லை, முதல் பனி விழுந்த வாரம் வரைக்கும்.

அன்று ஆட்டம் முடிந்து உடை மாற்றும் அறையில் அணித் தலைவன் மார்செல் தொண்டையைக் கனைத்தான். மார்செல் கோலெத்தின் தம்பி.

"மச்சான், ஒரு விஷயம். குளிர்கால விழாவுல லாக்-நுவார்காரங்களோட மேட்ச் இருக்குல்ல? அதுல நீ மணிக்கட்டைச் சுழட்டி ரிஸ்ட் ஷாட் அடிச்சு, வலையோட மேல்பாதியில ஒண்ணு போட்டாகணும்."

"நானா? மேல்பாதியிலயா?"

"கீழ்ப்பாதியிலதான் நீ இத்தனை வருஷமா முயற்சி பண்ணிப் பாத்துட்டியே."

"போடலைன்னா?"

"அடுத்த வருஷத்துலேர்ந்து கதவு உன் பொறுப்பு."

ஆட்டக்காரர்கள் உட்காரும் பெஞ்சுக்கும் பனித்தரைக்கும் நடுவே ஒரு சின்னக் கதவு இருக்கிறது. களைத்தவன் உள்ளே வர, அடுத்தவன் வெளியே பாய, யாராவது ஒருவர் அதைத் திறந்து திறந்து மூட வேண்டும். சேன்த்-ஓடிலில் அந்தப் பதவிக்குப் போனவன் திரும்பிப் பனியில் இறங்கியதில்லை. கடைசியாகக் கதவு திறந்தவர் தெலெஸ்ஃபோர். அவர் இறந்தபோது சவப்பெட்டி தேவாலயத்துக்குள் நுழையும்போது அணி மொத்தமும் ஓடிப்போய் அவருக்காகக் கதவைத் திறந்து பிடித்தது. ஊரே அழுதது. ஆனால் அவர் எப்படி ஆடினார் என்று ஒருவருக்கும் நினைவில்லை.

"கதவா?" என்றான் கேத்தான். "மச்சான், எனக்கா?"

"நான் என்ன பண்றது? டீம் எடுத்த முடிவு."

டீம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. மார்செல் ஏற்கெனவே கட்டியிருந்த காலணிக் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினான்.

வீட்டில் கேத்தான் இதைச் சொன்னபோது கோலெத் சிரிப்பாள் என்றுதான் எதிர்பார்த்தான். ஹாக்கி என்றாலே, "முட்டி போச்சுன்னா சீஸ் ஆலையில வேற முட்டி தர மாட்டாங்க" என்பவள் அவள். அன்றைக்கு அப்படி ஒன்றும் சொல்லவில்லை. கரண்டியை மேசையில் வைத்தாள்.

"என் புருஷன் கதவு திறக்கிறவனா? அதையும் பாத்துடுவோம். நீ கீழே பேஸ்மென்ட்ல பழகு."

"அங்கே இடம் ஏது?"

"இருக்கு, வா."

இருந்தது. பழைய அலமாரியின் வழுவழுப்பான வெள்ளைக் கதவு ஒன்றை அவள் தரையில் கிடத்தியிருந்தாள். "இது மேல வட்டு ஐஸ்ல போற மாதிரி போகும்." எந்தப் பக்கம் அடிப்பது என்பதுதான் கேள்வி. ஒரு பக்கம் படிக்கட்டு. ஒரு பக்கம் ஜன்னல். இன்னொரு பக்கம் பீட்ரூட் ஊறுகாய் ஜாடிகள் அடுக்கிய அலமாரி. அந்த அலமாரியை கோலெத் சமீபத்தில்தான் அந்தச் சுவருக்கு நகர்த்தியிருந்தாள். மிச்சமிருந்தது டிரையர் நிற்கும் பக்கம்.

"டிரையர்ல பட்டுடாதா?"

"பட்டா என்ன? அது இரும்பு."

அந்த டிரையர் அவர்கள் கல்யாணத்துக்கு வந்தது. ஓடும்போது ஆடு மாதிரி கத்தும். ஒரு போர்வையைக் காயவைக்க அது எடுத்துக்கொள்ளும் நேரத்தில் ஏரிக்குப் போய் மீன் பிடித்து வந்துவிடலாம். ஆனால் கேத்தானுக்கு ஒரு கொள்கை உண்டு. "ஓடுறதை எதுக்கு மாத்தணும்? நின்னா வாங்கிக்கலாம்." காரைப் பற்றியும் கூரையைப் பற்றியும் தன் கடைவாய்ப் பல்லைப் பற்றியும் அவன் அதையேதான் சொல்வான்.

பயிற்சி தொடங்கியது. சனிக்கிழமைகளில் மார்செல் வந்து சொல்லிக்கொடுத்தான். கோலெத் அவனுக்கு ஒவ்வொரு முறையும் இறைச்சி அடைத்த மாவுப் பலகாரம் சுட்டுக் கொடுத்தாள். அவன் ஒரு கையில் தட்டோடு படிக்கட்டில் உட்கார்ந்து, வாயில் பாதி போக மீதியில் பேசினான்.

"அடிக்காதே மச்சான். இது அடிக்கிறது இல்ல, வீசுறது. வட்டை மட்டையோட அடிப்பக்கம் ஒட்டி வெச்சுக்கோ. அப்படியே பின்னங்கால்கிட்ட இழு. இப்போ உடம்புப் பாரத்தை முன்னங்காலுக்குக் கொண்டு வா. வரும்போதே வட்டு மட்டை மேல உருண்டு நுனிக்கு வரும். அப்போ மணிக்கட்டைச் சுழட்டு. சூப் கிண்ணத்தை ஒருத்தன் மடியில கவுக்கிற மாதிரி."

"யார் மடியில?"

"உனக்குப் பிடிக்காதவன் மடியில."

கேத்தான் யோசித்தான். "அப்படி யாரும் இல்லியே."

"அதான் உன் பிரச்சினையே. சரி, முடிக்கும்போது மட்டையோட நுனி எதைக் காட்டுதோ, வட்டு அங்கேதான் போகும். நீ எதைக் காட்டுறே பாரு."

கேத்தான் பார்த்தான். மட்டை அவன் கால் பெருவிரலைக் காட்டிக்கொண்டிருந்தது.

வாரங்கள் போயின. வட்டு தரையோடு ஊர்ந்து டிரையரின் காலில் மெதுவாக முட்டி நின்றது. மாலையில் கோலெத் படியருகில் வந்து, "மேலே எழும்பிச்சா?" என்று கேட்பாள். இல்லை என்றால் அவள் முகம் வாடிவிடும். ஒருநாள் அவன் இருமலோடு படுத்திருந்தபோதுகூட, "இன்னைக்குப் பழகலையா?" என்று போர்வையை விலக்கிக் கேட்டாள். தன் மானத்தை இவள் இவ்வளவு பெரிதாக நினைக்கிறாளே என்று கேத்தான் இருமிக்கொண்டே எழுந்து மட்டையைத் தேடினான்.

அதனால்தான் குமிழ் தெறித்து விழுந்த அந்த நாளில் சந்தோஷமும் பயமும் ஒன்றாக வந்தன. எழும்பியதை உடனே சொல்லிவிட்டான். எதில் பட்டது என்று சொல்லவில்லை.

எங்கள் ஊரில் உடைந்த எதையும் மட்டையில் சுற்றும் டேப்பால் ஒட்டுவோம். கேத்தான் குமிழையும் ஒட்டினான். ஆனால் அது அதிகபட்ச சூட்டில் போய் நின்றுகொண்டது. எவ்வளவு திருகினாலும் டேப்தான் திரும்பியது.

கோலெத் இதைப் பார்க்கக் கூடாது. அன்று இரவுச் சாப்பாட்டில் அவன் சூப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னான்:

"இனிமே துணியெல்லாம் நானே துவைக்கிறேன்."

கோலெத்தின் கை அந்தரத்தில் நின்றது. "நீயா?"

"பிழிஞ்சா மணிக்கட்டுக்கு நல்லதாம்."

"மார்செல் சொன்னானா?"

"ஆமா."

"அப்படின்னா நான் என்ன சொல்ல முடியும்?" என்று பெருமூச்சு விட்ட கோலெத், இன்னும் ஒரு கரண்டி சூப்பை அவன் கிண்ணத்தில் ஊற்றினாள்.

இப்போது வட்டு எழும்பத் தொடங்கிவிட்டது. அதுதான் கஷ்டமே. அடுத்த வாரம் டிரையரின் கதவுக் கொக்கி போயிற்று. கதவு மூடி நிற்க வேண்டுமானால் ஹாக்கி மட்டையை எதிர்ச்சுவருக்கு முட்டுக்கொடுத்து நிறுத்த வேண்டும். துணி காயும்போது பயிற்சி கிடையாது, பயிற்சி நடக்கும்போது துணி காயாது. அதற்கடுத்து பின்னால் இருந்த ஆவி வெளியேறும் குழாய் கழன்றது. பேஸ்மென்ட் முழுக்க வெந்நீராவி. ஊறுகாய் ஜாடிகளுக்கு வேர்த்தது. அதற்கும் டேப்.

கடைசியில் அவன் ஆலையிலிருந்து சாமான்கடை ஒவிலாவுக்கு ரகசியமாக போன் செய்தான். டிரையர், அடுப்பு, ஃபிரிட்ஜ் எல்லாம் ஊருக்கு ஒவிலாதான் விற்கிறார்.

"ஒவிலா அண்ணே, ஒரு டிரையர் குமிழ் வேணும். எனக்கில்ல, ஒரு நண்பனுக்கு."

"எந்த மாடல்?"

"வெள்ளையா இருக்கும். பழசு. ஆடு மாதிரி கத்தும்."

அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"உன் நண்பனோட டிரையர் இன்னுமா ஓடுது, தம்பி?"

"லேசா ஓடுது."

"அடடா," என்றார் ஒவிலா, உண்மையான வருத்தத்தோடு. "அதுக்கெல்லாம் இப்போ குமிழ் வர்றது இல்லப்பா. மனசை விட்டுடாதேன்னு சொல்லு. தொடர்ந்து முயற்சி பண்ணச் சொல்லு."

எதை முயற்சி செய்வது என்று கேட்பதற்குள் போனை வைத்துவிட்டார்.

விழாவுக்கு முந்தின வாரம் கோலெத் ஒரு பெரிய மூட்டையை அவன் முன்னால் போட்டாள். "விழாச் சட்டைங்க. இந்தத் தடவை துவைக்கிற முறை நம்ம வீட்டுக்கு. நீதானே இப்போ துணிக்கு ஆளு."

லாக்-நுவார் மேட்சுக்கு மட்டும் அணி பழைய கம்பளிச் சட்டைகளைப் போட்டுக்கொள்ளும். பச்சைக் கம்பளி, நெஞ்சில் வெள்ளை வாத்து. அப்பாக்கள் போட்டு ஆடியவை. வருஷத்துக்கு ஒருமுறை பெட்டியிலிருந்து எடுப்பார்கள்.

கேத்தான் அவற்றைத் துவைத்தான். டிரையரில் போட்டான். மட்டையால் முட்டுக்கொடுத்தான். ஆடு கத்தியது. கதவைத் திறந்தபோது உள்ளே பச்சை நிறத்தில் பொம்மைகளுக்கான உடைகள் இருந்தன. வாத்துகள் மட்டும் சுருங்கவில்லை. ஒவ்வொரு சட்டையிலும் கழுத்திலிருந்து தொப்புள் வரை வாத்துதான்.

பூசைப் பாத்திரங்கள் தீர்ந்து, அவன் பாதிரியாரின் அங்கிகளுக்கு வந்துவிட்டான்.

"இன்னைக்குப் பெரிய பூசையா?" என்றாள் மேலேயிருந்து கோலெத். "மேலே எழும்பிச்சா?"

"ஒண்ணும் இல்ல!"

நனைத்து இழுத்தால் நீளும் என்று அவனுக்குத் தோன்றியது. சட்டைகளை நனைத்து, பின்கொல்லைக் கொடியில் தொங்கவிட்டு, ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஆலையிலிருந்து கொண்டுவந்த சீஸ் எடைக்கட்டிகளைக் கட்டினான். நீளத்தான் செய்தன. அகலம் மட்டும் திரும்பவில்லை. அதற்குள் குளிர் பிடித்துக்கொண்டது. காலையில் எல்லாம் பலகைபோல விறைத்துவிட்டன. கொடியிலிருந்து கழற்றி வீட்டுச் சுவரில் வரிசையாகச் சாய்த்து வைத்தான். தேவாலயத்துக்குப் போய்க்கொண்டிருந்த பக்கத்து வீட்டு மதாம் யூடோர், தலையில்லாத ஓர் அணி பனியில் நிற்பதைக் கண்டு சிலுவை போட்டுக்கொண்டாள்.

விழா நாளும் வந்தது. காலையில் கடைசியாக ஒரே ஒரு வீச்சு பழகிவிட்டுப் போகலாம் என்று கேத்தான் கீழே இறங்கினான். வட்டை இழுத்தான், பாரத்தை மாற்றினான், மணிக்கட்டைச் சுழற்றினான். மட்டையின் நுனி இடது மேல் மூலையைக் காட்டியது. அப்படி ஓர் அழகான வீச்சு அவன் கையிலிருந்து அதுவரை வந்ததில்லை. டேப்பும் குமிழும் குச்சியும் ஒன்றாக உள்ளே போயின. டிரையர் தானாகவே ஒருமுறை மே என்றது. பிறகு எப்போதைக்குமாக நின்றுவிட்டது.

கேத்தான் அதன்மேல் நெற்றியைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் நின்றான்.

மைதானத்தில் ஊர் மொத்தமும் இருந்தது. சேன்த்-ஓடில் அணி பனியில் இறங்கியதும் லாக்-நுவார் பக்கத்திலிருந்து எழுந்த சிரிப்பு நெடுநேரம் அடங்கவில்லை. முழங்கைக்கு மேலே சட்டைக்கை, முழங்காலுக்குக் கீழே சட்டை ஓரம், மூச்சு விட்டால் விரியும் வாத்து.

"என்ன கேத்தான்," என்றான் லாக்-நுவார் கோல்கீப்பர் பெர்னார், "ஞானஸ்நானத்துக்குப் போட்ட சட்டையா?"

மார்செலால் கையைத் தூக்கவே முடியவில்லை. "யார் வீட்டுல துவைச்சது இதை?" என்று கத்தியவன், துவைத்தது அக்கா வீடு என்பது நினைவுக்கு வந்து, "நல்லாத்தான் இருக்கு" என்று முடித்துக்கொண்டான்.

நாங்கள் தோற்றுக்கொண்டிருந்தோம். அது வழக்கம். கேத்தான் அடித்த இரண்டு வட்டுகள் பழையபடி தரையில் தவழ்ந்து போயின. பெஞ்சில் வந்து உட்காரும்போதெல்லாம் அந்தச் சின்னக் கதவு அவனைப் பார்த்துக் கிரீச்சிட்டது. அவன் இடம் எது என்று அதற்குத் தெரிந்துவிட்டதுபோல.

ஆட்டம் முடியும் தறுவாயில் யாரோ அடித்த வட்டு பலகையில் பட்டுத் திரும்பி நேராக அவன் மட்டைக்கு வந்தது. எதிரே பெர்னார், வலையின் மேலிருந்த தண்ணீர் பாட்டிலைச் சரியாக வைத்துக்கொண்டிருந்தான். கேத்தான் வருகிறான் என்றால் அவனுக்கு அதற்கெல்லாம் நேரமுண்டு.

கேத்தான் வலையைப் பார்க்கவில்லை. வலை இருந்த இடத்தில் ஒரு பழைய வெள்ளை டிரையரைப் பார்த்தான். பின்னங்காலில் இழுத்தான். முன்னங்காலுக்கு வந்தான். சூப் கவிழ்ந்தது.

தண்ணீர் பாட்டில் காற்றில் பறந்தது. வட்டு இடது மேல் மூலையில், வலைக்குள் இருந்தது.

ஊர் ஒரு கணம் மூச்சை நிறுத்தியது. அந்த அமைதியில் கேத்தான், பழக்க தோஷத்தில், பார்வையாளர் வரிசையை அண்ணாந்து பார்த்துத் தொண்டை கிழியக் கத்தினான்:

"ஒண்ணும் இல்ல, கோலெத்!"

பிறகுதான் ஊர் வெடித்தது. மார்செல் அவனைக் கட்டிப்பிடித்ததில் இரண்டு வாத்துகளும் தையல் விட்டன. பெர்னார் முகமூடியைத் தூக்கி அவனைப் புதிதாகப் பார்த்தான். ஆட்டத்தில் தோற்றோம். யாரும் அதைக் கவனிக்கவில்லை.

அன்று மாலை பட்டாணி சூப்பின் முன்னால் உட்கார்ந்த கேத்தானுக்கு அது உள்ளே இறங்கவில்லை. மானம் காப்பாற்றப்பட்டுவிட்டது. இனி உண்மையைச் சொல்லலாம்.

"கோலெத், உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். டிரையர்..."

"ம்?"

"போயிடுச்சு. இன்னைக்குக் காலையில. நான்தான். கொஞ்சம் கொஞ்சமா நான்தான். குமிழ், கொக்கி, குழாய் எல்லாம். சட்டைங்க சுருங்குனதும் அதாலதான். உனக்குத் தெரியக் கூடாதுன்னுதான் நான் துணி துவைச்சேன்."

கோலெத் கைகளை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். "முழுசா நின்னுடுச்சா?"

"முழுசா."

"திரும்ப ஓட வழியே இல்லியா?"

"இல்ல."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். தோள்கள் லேசாகக் குலுங்கின. கல்யாணத்துக்கு வந்த டிரையர் அல்லவா என்று கேத்தானுக்கு நெஞ்சு உருகியது.

"அழாதே கோலெத். புதுசு வாங்கிடுவோம். இருக்கறதுலயே நல்லதா. துணியை இனிமேலும் நானே பாத்துக்கறேன்."

"உனக்கு எதுக்குச் சிரமம்?" என்று கைக்குட்டைக்குள்ளிருந்து கோலெத் சொன்னாள். "ஆனா நீ சொன்னா சரி. நாளைக்கே ஒவிலாவைக் கேட்டுப் பாக்கறேன்."

எவ்வளவு பெரிய மனசு என்று நினைத்துக்கொண்டே கேத்தான் அன்று தூங்கினான். மூலையில் வட்டு போய் விழும் கனவுகள் வந்தன.

மறுநாள் காலை, அவன் இன்னும் காபியைக்கூட முடிக்கவில்லை, வாசலில் வண்டி வந்து நின்றது. ஒவிலா தன்னைவிடப் பெரிய அட்டைப்பெட்டி ஒன்றைப் பனியில் தள்ளிக்கொண்டு வந்தார். பெட்டியின் மேல் நெடுநாள் தூசி படிந்திருந்தது. கேத்தான் ஓடிப்போய் ஒரு கை கொடுத்தான்.

"கடையை இன்னும் திறந்திருக்கவே மாட்டீங்களே, ஒவிலா அண்ணே! அதுக்குள்ள எப்படி இவ்வளவு சீக்கிரம்?"

ஒவிலா பெட்டியின் மேல் சாய்ந்து மூச்சு வாங்கினார்.

"சீக்கிரமா? இலை உதிர்றப்பவே உன் வீட்டம்மா இதைத் தேர்ந்தெடுத்து வெச்சுட்டு, 'மார்செல்கிட்ட கதவைப் பத்திச் சொல்லச் சொல்லியிருக்கேன், என் வீட்டுக்காரர் மேலே தூக்கி அடிக்கப் பழகிட்டா கொண்டு வாங்க'ன்னு சொல்லிட்டுப் போனாங்க, தம்பி. நீ இவ்வளவு நாள் எடுத்துக்குவேன்னு நாங்க யாருமே நினைக்கலை!"